நினைவு என்னும் சாட்சி

கலியாண வீடொன்றிலே உறவினர் பலர் கூடியிருக்கின்றனர். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டம் சுற்றி வருகின்றது. மெல்லப் பழங்கதை தொடங்குகின்றது.

"வெள்ளம் வந்த அந்த ஆண்டு, நடுச்சாமத்திலே தம்பியைத் தோளிலே தூக்கிக்கொண்டு கோயில் மடத்துக்கு ஓடினது நான்தானே" என்கிறார் மூத்தவர்.

"இல்லை அண்ணை, தூக்கிக்கொண்டு போனது எங்கள் சின்னமாமா அல்லவோ? நீங்கள் அன்றைக்கு வீட்டிலேயே இருக்கவில்லையே" என்கிறார் தங்கை.

"என்னுடைய இரண்டு கண்ணாலும் கண்டதை எனக்கு நீ சொல்லித் தருகிறாயோ?"

பேச்சு தடிக்கின்றது. சிரிப்பிலே தொடங்கிய கதை மனவருத்தத்திலே முடிகின்றது. இருவரும் வெவ்வேறு மூலைகளிற் சென்று அமர்கின்றனர். 'எல்லோர் முன்னிலையிலும் அண்ணை பொய் சொல்லிவிட்டாரே' என்று தங்கை எண்ணுகிறாள். 'என்னைப் பொய்யனாக்கிவிட்டாளே' என்று தமையன் குமைகிறார். இது எந்தக் குடும்பத்திலும் நடவாத காரியமன்று. காணியெல்லை, கைமாற்றுக் கடன், சீதனப் பேச்சு என்று எத்தனையோ விவகாரங்களில் இதே நாடகம் நடந்துகொண்டிருக்கின்றது.

ஆனால் ஒரு கேள்வி. இருவர் கூற்றும் முரண்பட்டால், இருவரில் ஒருவர் பொய் சொல்லியே ஆகவேண்டுமா? இருவருமே நெஞ்சறிய உண்மை பேசுகின்றனர். ஆயினும் ஒருவரோ இருவருமோ தவறாகக் கூறுகின்றனர் என்பது நிகழக்கூடாததா? நூறாண்டுக்கு மேலாக உளநூலார் செய்துவந்த ஆராய்ச்சிகள் இதற்குத் தரும் விடை, நம்மிற் பலருக்கு வியப்பையும் சிறிது அச்சத்தையும் ஊட்டக்கூடியது.

டிசம்பரில் நடந்த பந்தாட்டம்

அமெரிக்க உளநூலறிஞர் உல்ரிக் நைசர் என்பவர் தம்முடைய அனுபவம் ஒன்றை 1982ஆம் ஆண்டில் எழுதினார். 1941ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 7ஆம் திகதி பேர்ள் துறைமுகத்தை ஜப்பானிய விமானங்கள் தாக்கின. அப்பொழுது நைசர் பதின்மூன்று வயதை எட்டாத சிறுவர். வீட்டின் முன்னறையிலே அமர்ந்து வானொலியிற் பேஸ்போல் என்னும் பந்தாட்ட வருணனையைத் தாம் கேட்டுக்கொண்டிருந்ததும், அதை இடைநிறுத்தித் தாக்குதற் செய்தி அறிவிக்கப்பட்டதும், தாயாரிடம் சொல்ல மாடிக்கு ஓடியதும் அவர் நினைவிற் சித்திரம்போற் பதிந்திருந்தன. பல்லாண்டு காலம் அந்நினைவை அவர் ஐயுற்றதில்லை.

ஒருநாள் திடீரென்று அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. அமெரிக்காவில் பேஸ்போல் ஆட்டங்கள் இலையுதிர் காலத்தோடு முடிந்துவிடும்; டிசம்பரிலே யாரும் ஆடுவதில்லை! அவ்வாறாயின் வானொலியில் அவர் கேட்டது எது? அது வேறுவகைப் பந்தாட்டமாயிருந்திருக்கலாம் என்று பின்னர் வேறு ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டினர். எப்படியாயினும், மனம் தீட்டி வைத்திருந்த அந்தத் தெளிவான சித்திரத்தில் ஒரு பகுதி கற்பனையே.

நைசர் இதை இவ்வளவில் விட்டுவிடவில்லை. 1986ஆம் ஆண்டு சனவரி 28ஆம் திகதி சலஞ்சர் என்னும் விண்வெளி ஓடம் புறப்பட்டு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்திற்குள் சிதறி, அதிலிருந்த எழுவரும் மாண்டனர். அமெரிக்க மக்களை உலுக்கிய செய்தி அது. மறுநாட் காலையிலேயே நைசர் தம் பல்கலைக்கழக மாணவரிடம், "இச்செய்தியை நீங்கள் எங்கே, யாரிடமிருந்து, எந்நேரம் அறிந்தீர்கள்?" என்று கேட்டு விடைகளை எழுதி வாங்கிக்கொண்டார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கழிந்தபின், அவரும் நிக்கோல் ஹார்ஷ் என்னும் உடனாய்வாளரும் அம்மாணவரில் 44 பேரிடம் அதே கேள்விகளை மீண்டும் கேட்டனர்.

விளைவு என்ன? முதலில் எழுதியதற்கு முழுவதும் பொருந்த விடையளித்தோர் மூவர் மாத்திரமே. நால்வரில் ஒருவர் கூறியது முற்றுமுழுதாகத் தவறு. வகுப்பறையிலே தோழர் வாயிலாகக் கேள்வியுற்றதாக அன்று எழுதியவர், தொலைக்காட்சியிற் கண்டதாக இப்பொழுது உறுதியோடு உரைத்தார். அவர்தம் கைப்படவே எழுதிய தாளை எடுத்துக் காட்டியபின்னரும் பழைய நினைவு திரும்பி வரவில்லை. தம் கையெழுத்தைக் காட்டிலும் தம் நினைவையே அவர்கள் பெரிதாக நம்பினர்.

இதிற் கவனிக்கத்தக்கது யாதெனில், நினைவு தவறியது மாத்திரமன்று. தவறான நினைவும் சரியான நினைவுபோலவே ஒளியோடும் உறுதியோடும் விளங்கியது. 'இவ்வளவு தெளிவாக நினைவிருக்கின்றதே, இது எப்படிப் பொய்யாகும்?' என்று நாம் கேட்கின்றோமே, அந்தத் தெளிவு உண்மைக்கு முத்திரையன்று.

கிடுகு வேலி

நினைவு என்பது பெட்டியில் வைத்துப் பூட்டிய உறுதி என்று நாம் எண்ணுகின்றோம். வேண்டும்போது திறந்தால், வைத்தது வைத்தபடி இருக்குமென்பது நம் நம்பிக்கை. இந்த நம்பிக்கையை அசைத்தவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிரெடெரிக் பார்ட்லெட். அவருடைய நூல் 1932இல் வெளிவந்தது.

வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் நாட்டுக்கதை ஒன்றைப் பார்ட்லெட் ஆங்கிலேயருக்குப் படிக்கக் கொடுத்தார். ஆவிகளின் போரைப் பற்றிய கதை அது. ஆங்கிலேயர் மனத்துக்குப் பழக்கமில்லாத நிகழ்ச்சிகள் நிறைந்தது. சிறிது நேரம் கழித்தும், நாட்கள் கழித்தும், மாதங்கள் கழித்தும் அக்கதையை நினைவிலிருந்து எழுதும்படி அவர்களைக் கேட்டார். கதை வரவரச் சுருங்கியது. அதைவிட முக்கியம், அது உருமாறியது. கதையில் வந்த மரத்தோணி, அவர்கள் நன்கறிந்த சாதாரணப் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடியாயிற்று. விளங்காத ஆவிகள் மெல்ல மறைந்தன. அவற்றின் இடத்திலே விளங்கக்கூடிய காரண காரியங்கள் வந்து அமர்ந்தன. எவரும் வேண்டுமென்று மாற்றவில்லை. ஒவ்வொருவர் மனமும் தனக்குப் பழகிய அச்சில் அதை வார்த்துக்கொண்டது.

ஆகவே நினைவுகூர்தல் என்பது எடுத்துப் பார்த்தலன்று, மீண்டும் கட்டுதல் என்று பார்ட்லெட் முடிவு கட்டினார்.

நம் ஊர்க் கிடுகு வேலியை இதற்கு உவமையாகச் சொல்லலாம். ஆண்டுக்கு ஆண்டு வேலி அடைக்கின்றோம். உக்கிய கிடுகு போய்ப் புதுக்கிடுகு வருகின்றது. கதியாலிலும் சில பட்டுப்போக வேறு நடுகின்றோம். அடைக்கும்போது வேலி ஓரிடத்தில் அரையடி உள்ளே போகின்றது. ஓரிடத்தில் வெளியே வருகின்றது. பத்தாண்டு கழித்துப் பார்த்தால் பழைய ஓலை ஒன்றுமில்லை. ஆயினும் 'இது எங்கள் அப்பு காலத்து வேலி' என்று மனமார உரைக்கின்றோம். நினைவும் அத்தகையதே. சொல்லும்போதெல்லாம் புதிதாக அடைக்கப்படுகின்றது. எல்லை மெல்ல நகர்கின்றது. நகர்ந்ததை அடைத்தவரும் அறியார்.

ஒரு சொல் செய்யும் வேலை

இவ்வேலியை நாமே அடைக்கிறோம் என்றால், பிறர் கொண்டுவந்து தரும் கிடுகும் அதிற் சேரக்கூடுமல்லவா? எலிசபெத் லோப்டஸ் என்னும் அமெரிக்க அம்மையார் தம் உடனாய்வாளர் ஜோன் பாமருடன் 1974இல் வெளியிட்ட சோதனை இதை விளக்குகின்றது.

மோட்டார் வண்டிகள் மோதிக்கொள்ளும் படங்களை மாணவருக்குக் காட்டி, வண்டிகள் எவ்வளவு வேகத்திற் சென்றன என்று வினவினர். எல்லோரும் கண்டது ஒரே படங்கள். கேள்வியில் ஒரு சொல் மாத்திரம் ஆளுக்காள் வேறுபட்டது. வண்டிகள் 'தொட்டுக்கொண்டபோது' என்று கேட்கப்பட்டவர் சராசரியாக மணிக்கு ஏறத்தாழ 32 மைல் என்றனர். 'மோதி நொறுங்கியபோது' என்று கேட்கப்பட்டவரோ ஏறத்தாழ 41 மைல் என்றனர். ஒரு வினைச்சொல், ஒன்பது மைல் வேகத்தைக் கூட்டிவிட்டது!

இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழிந்தபின், "படத்திலே உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா?" என்று கேட்டனர். படத்தில் உடைந்த கண்ணாடி கிடையாது. இருந்தும் 'நொறுங்கியபோது' என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் கண்டதாகவே கூறினர். 'இடித்தபோது' என்ற சொல்லைக் கேட்ட 50 பேரிலோ எழுவரே அவ்வாறு கூறினர். சொல் உள்ளே சென்றது. உள்ளிருந்தபடியே, இல்லாத கண்ணாடியை உடைத்தது.

குழந்தையைப் பார்த்து, "அவன்தானே உன்னைத் தள்ளி விழுத்தினவன்?" என்று கேட்கும் தாய்மாரும், "அவர் அப்படித்தானே சொன்னார்?" என்று துருவும் உற்றாரும் இதைச் சற்று மனத்திற் கொள்ளவேண்டும். கேள்வி சில வேளைகளில் விடையைத் தேடுவதில்லை, விடையைக் கொடுத்துவிடுகின்றது.

பத்தரை ஆண்டுச் சிறை

இவையெல்லாம் பல்கலைக்கழக மண்டபத்து விளையாட்டுக்கள் என்று எண்ணுவோர்க்கு, நீதிமன்றத்திலே நிகழ்ந்த ஒரு சம்பவத்தைக் கூறவேண்டும்.

1984ஆம் ஆண்டு யூலை மாதம். ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், பேர்லிங்டன் என்னும் நகரிலே, ஜெனிபர் தொம்சன் என்ற இருபத்திரண்டு வயதுக் கல்லூரி மாணவியின் வீட்டினுள் இரவில் ஒருவன் புகுந்து அவளைப் பலாத்காரஞ் செய்தான். அந்தக் கொடிய வேளையிலும் அப்பெண் ஓர் உறுதி செய்துகொண்டாள். 'உயிர் தப்பினால் இவனைச் சட்டத்தின் கையில் ஒப்படைப்பேன். அதற்காக இவன் முகத்தை மனத்தில் எழுதிக்கொள்வேன்' என்பதே அது. முகத்தையும் குரலையும் உயரத்தையும் கூர்ந்து நோக்கினாள். பின்பு தந்திரமாகத் தப்பி ஓடினாள். அவ்விரவே அதே நகரில் இன்னொரு பெண்ணும் அவ்வாறே தாக்கப்பட்டாள்.

பொலிசார் ஆறு புகைப்படங்களை ஜெனிபர் முன் வைத்தனர். அவள் பல நிமிட நேரம் ஆராய்ந்து ஒன்றைத் தெரிந்தெடுத்தாள். அது ரொனால்ட் கொட்டன் என்னும் இளைஞனுடைய படம். நன்றாகச் செய்தாய் என்ற கருத்துப்பட அவளுக்குத் தேறுதல் கூறப்பட்டது. சில நாட்களின் பின் அடையாள அணிவகுப்பு நடைபெற்றது. எழுவர் வரிசையில் நின்றனர். இருவரிடையே சிறிது தயங்கியபின் கொட்டனையே சுட்டினாள். நீ படத்திலே காட்டியவனும் இவனே என்று பின்னர் அவளுக்கு அறிவிக்கப்பட்டது. அவளுடைய ஐயம் அத்துடன் அகன்றது. படங்களிலும் வரிசையிலும் இடம்பெற்றவன் கொட்டன் ஒருவனே என்பதை அப்போது எவரும் பொருட்படுத்தவில்லை. படத்திற் பார்த்த முகம் வரிசையில் நின்றபோது 'தெரிந்த முகமாகத்' தோன்றியது இயல்பன்றோ?

கொட்டனுக்கும் நினைவே பகையாயிற்று. அன்றிரவு எங்கிருந்தாய் என்று வினவப்பட்டபோது, அவன் ஒரு வார இறுதியை இன்னொரு வார இறுதியோடு மயங்கி விடைகூறினான். விசாரித்தபோது அது பொருந்தவில்லை. நினைவுப் பிசகைப் பொலிசார் பொய்யெனக் கொண்டனர். 1985 சனவரியில் யூரிமார் அவனைக் குற்றவாளியெனத் தீர்க்க, ஆயுட்சிறை விதிக்கப்பட்டது.

சிறையிலே பொபி பூல் என்னும் இன்னொரு கைதியைக் கொட்டன் கண்டான். தோற்றத்தில் இருவருக்கும் ஒற்றுமை இருந்தது. அக்குற்றங்களைத் தானே செய்ததாகப் பூல் கைதிகளிடம் பேசியதும் கொட்டன் காதுக்கு எட்டியது. வழக்கு மேன்முறையீட்டிலே திருப்பப்பட்டு, 1987இல் மறுவிசாரணைக்கு வந்தது. பூலை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து ஜெனிபர் முன் நிறுத்தினர். அவளை உண்மையிற் கெடுத்தவன் அவனே. அவளோ அவனை ஒருபோதும் கண்டதில்லை என்றாள். பொய்யுரைக்கவில்லை, மூன்றாண்டுகளாக அவள் மனத்தில் அக்கொடியவனுக்குக் கொட்டனுடைய முகம் அமைந்துவிட்டது. பழைய முகம் இருந்த இடத்திலே புதிய முகம் குடியேறிவிட்டது. முன்பு அணிவகுப்பில் வேறொருவனைச் சுட்டியிருந்த இரண்டாவது பெண்ணும் இம்முறை கொட்டனையே சுட்டினாள். முடிவிலே கொட்டனுக்கு ஆயுட்சிறையும் அதன்மேல் 54 ஆண்டும் விதிக்கப்பட்டன.

ஆண்டுகள் உருண்டன. உடற் தடயங்களைக் கொண்டு ஆளைத் துணியும் மரபணுச் சோதனை அதற்குள் வழக்கத்துக்கு வந்தது. 1995இல், பொலிசார் பேணி வைத்திருந்த பழைய தடயம் சோதிக்கப்பட்டது. அது கொட்டனுடையதன்று, பூலினுடையது! 1995 யூன் 30ஆம் திகதி, பத்தரை ஆண்டுச் சிறைவாசத்தின் பின், கொட்டன் வெளியே வந்தான். சிறை செல்லும்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. இளமையின் பெரும்பகுதி மதிலுக்குள்ளே கழிந்துவிட்டது.

உண்மை வெளிப்பட்ட பின்னரும் நெடுநாள், கனவிலே தன்னைத் துரத்திய முகம் கொட்டனுடையதாகவே இருந்ததென்று ஜெனிபர் கூறியுள்ளாள். அறிவு ஏற்றுக்கொண்டதை நினைவு ஏற்கவில்லை. இரண்டாண்டு கழித்து அவள் அவனைச் சந்தித்துக் கண்ணீருடன் மன்னிப்புக் கேட்டாள். அவன் மனமுவந்து மன்னித்தான். பின்பு இருவரும் நண்பராகி, 2009இல் தம் வரலாற்றைக் கூட்டாக நூலாகவும் எழுதினர். மனிதர் தவறு இழைத்த கதை மனிதப் பண்பு வென்ற கதையாயிற்று.

இத்தகைய தவறுகளைக் குறைப்பதற்குக் கரி வெல்ஸ் முதலிய உளநூலார் சில வழிகளை வகுத்துள்ளனர். சந்தேக நபர் யாரென அறியாத அலுவலரே அணிவகுப்பை நடத்தவேண்டும். குற்றவாளி வரிசையில் இல்லாமலும் இருக்கலாமெனச் சாட்சிக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும். முதன்முறை சுட்டும்போதே, எவ்வளவு உறுதியோடு சுட்டுகிறார் என்பதைச் சாட்சியின் வாய்ச்சொல்லாகவே பதிந்துகொள்ளவேண்டும். கொட்டனைச் சிறைக்கு அனுப்பிய வட கரோலினா மாநிலமே 2007இல் இவ்விதிகளைச் சட்டமாக்கியது. மரபணுச் சோதனையால் அமெரிக்காவிலே குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டோர் வழக்குகளிற் பாதிக்கு மேற்பட்டவற்றில், கண்கண்ட சாட்சியின் பிழை ஒரு காரணமாயிருந்தது என்பதை எண்ணும்போது, இவ்விதிகளின் அருமை புலனாகும்.

தேடுவதையே காண்பது

பொலிசார் தீயவரா? அல்லர். கொட்டன் குற்றவாளியென்று ஒருமுறை மனத்திற் பதிந்தபின், அவர் கண்ணிற் பட்டவையெல்லாம் அதற்கு ஆதாரமாகவே தோன்றின. இதற்கு மாறான செய்திகள் சிறியனவாகத் தோன்றின. இவ்வியல்பைத்தான் உளநூலார் முற்கோடல் என்பர். கொண்ட கருத்துக்கு அரண் தேடும் மனம், அதை உடைக்கக்கூடியதைத் தேடுவதில்லை.

பீற்றர் வாசன் என்னும் ஆங்கில அறிஞர் 1960இல் வெளியிட்ட எளிய சோதனையொன்றை இன்று மாலையே உங்கள் வீட்டில் நடத்திப் பார்க்கலாம். "2, 4, 6 என்னும் மூன்று எண்களும் நான் மனத்தில் வைத்திருக்கும் விதிக்கு அமைந்தவை. நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லுங்கள். விதிக்கு அமைகின்றனவா இல்லையா என்று மாத்திரம் நான் சொல்வேன். விதியைக் கண்டுபிடியுங்கள்" என்று பிள்ளைகளிடம் கூறுங்கள். பெரும்பாலோர் 8, 10, 12 என்பர், அமையும். 20, 22, 24 என்பர்; அமையும். உடனே 'இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்' என்று வெற்றியோடு விடையளிப்பர். அது தவறு. வாசன் மனத்தில் வைத்திருந்த விதி, 'ஏறுவரிசையில் அமைந்த எவையேனும் மூன்று எண்கள்' என்பதே. 1, 7, 50 என்று ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தால் உண்மை வெளிப்பட்டிருக்கும். ஆனால் தம் கருத்தைப் பொய்யாக்கக்கூடிய கேள்வியைக் கேட்க மனம் எழுவதில்லை. வாசன் சோதித்த 29 மாணவரில் ஒரு பிழையும் விடாமல் விதியைக் கண்டவர் அறுவரே.

மாப்பிள்ளை பார்ப்பதிலும், அயலவர்மீது ஐயுறுவதிலும், அரசியல் பேசுவதிலும் நாம் 8, 10, 12 என்றே அடுக்கிக்கொண்டு போகின்றோம். 1, 7, 50 என்று கேட்பவரைக் குழப்பக்காரர் என்கின்றோம்.

மாணவருக்கு ஒரு வார்த்தை

நினைவின் குறையை இவ்வளவு கூறியபின், அதன் போக்கை அறிந்து பயன்கொள்ளும் வழியையும் கூறுதல் முறையாகும். சோதனைக் காலத்திலே இரவிரவாக விழித்துப் பாடமாக்கும் மாணவர் இதைக் கவனிப்பாராக.

ஜெர்மனியரான ஹேர்மன் எபிங்ஹவுஸ் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்ட பொறுமைசாலி. பொருளற்ற அசைகளைப் பல வரிசைகளாக்கி மனனஞ்செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கின்றது என்று அளந்து, 1885இல் நூலாக வெளியிட்டார். மீண்டும் கற்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகின்றது என்பதே அவர் கையாண்ட அளவுகோல். இருபது நிமிடத்தின் பின் நூற்றுக்கு 58 பங்கு மிச்சம். ஒரு மணி நேரத்தின் பின் 44. ஒரு நாளின் பின் 34. ஒரு மாதத்தின் பின்போ 21. மறதி முதல் மணி நேரத்திலே பாய்ந்து வருகின்றது; பின்பு தளர்ந்து நடக்கின்றது என்பது இதன் பொருள். ஆகவே படித்த அன்றே ஒருமுறையும், மறுநாள் ஒருமுறையும் மீட்டுப் பார்ப்பது பத்து நாள் கழித்துத் தலையில் அடித்துக்கொள்வதினும் மேலானது.

அவர் கண்ட மற்றோர் உண்மை இன்னும் பயனுடையது. ஓர் அசைவரிசையை மூன்று நாட்களிற் பகிர்ந்து 38 முறை ஓதியதனால் விளைந்த பயனைப் பெற, ஒரே தடவையில் ஓதுவதாயின் 68 முறை ஓதவேண்டியிருந்தது. விட்டுவிட்டுப் பெய்யும் மழை நிலத்தில் ஊறுவதுபோல, இடைவெளி விட்டுக் கற்கும் கல்வி மனத்தில் ஊறுகின்றது. ஒரே இரவிற் கொட்டும் மழையோ வெள்ளமாக ஓடிவிடுகின்றது.

அடுத்தது, 2006இல் ஹென்றி ரோடிகர், ஜெப்ரி கார்ப்பிக் என்னும் அமெரிக்கர் இருவர் வெளியிட்டது. ஒரு சாரார் பாடத்தை நான்கு முறை படித்தனர். இன்னொரு சாரார் ஒருமுறை படித்து, புத்தகத்தை மூடிவைத்து, நினைவிலிருந்து மும்முறை எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் கேட்டபோது, நான்கு முறை படித்தவரே முந்தினர். ஒரு வாரத்தின் பின் கேட்டபோதோ, நான்கு முறை படித்தவர் நூற்றுக்கு 40 அளவும், மூடிவைத்து எழுதியவர் 61 அளவும் நினைவு வைத்திருந்தனர். வேடிக்கை என்னவெனில், தமக்கே நன்றாக நினைவிருக்குமென்று பெரிதும் நம்பியிருந்தவர் நான்கு முறை படித்தவர்களே. மீண்டும் மீண்டும் படிக்கையில் எழுத்துப் பழகிவிடுகின்றது. அப்பழக்கத்தை அறிவென்று மனம் மயங்குகின்றது. படத்திற் கண்ட முகம் ஜெனிபருக்குப் பழகியதும் இவ்வாறுதானே?

எனவே மாணவர்காள், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு 'எல்லாம் தெரியும்' என்று தலையாட்டாதீர்கள். மூடுங்கள், எழுதுங்கள், பின்பு திறந்து ஒப்பிடுங்கள். தெரியாதது எதுவெனத் தெரிவதே தேர்ச்சியின் தொடக்கம்.

அண்ணையும் தங்கையும்

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். அவர்கள் எந்தச் சோதனைச்சாலையிலும் இதைக் கண்டறியவில்லை. கூடிவாழ்ந்த அனுபவத்திற் கண்டறிந்தனர். அப்பழமொழியை நாம் பிறர் பேச்சைத் தள்ளுவதற்கே பெரும்பாலும் எடுத்தாள்கின்றோம். நம் கண்ணுக்கும் நம் காதுக்கும் அது பொருந்தும் என்பதை மறந்துவிடுகின்றோம்.

நினைவு பிழைபடும் என்பதனால் அதை வெறுத்தொதுக்கவேண்டியதில்லை. நம்மை நாமாக வைத்திருப்பது அதுவே. தாயின் கைச்சோறும் பிறந்த வீட்டு முற்றமும் அதனால்தான் நம்மோடு வருகின்றன. ஆனால் பணம், காணி, மானம், ஒருவனுடைய விடுதலை என்பன நினைவை நம்பித் தொங்கும்போது எச்சரிக்கை வேண்டும். கொடுக்கல் வாங்கலை அன்றன்றே எழுதி வையுங்கள். வாய்ப்பேச்சை அன்றே குறித்து வையுங்கள். பிறரை உசாவும்போது விடையைக் கேள்வியில் ஏற்றாதீர்கள். ஒருவரைக் குற்றஞ்சாட்டும் முன், அவர் குற்றமற்றவராயின் என்ன காணப்படும் என்று ஒருமுறையேனும் எண்ணிப் பாருங்கள்.

இனி அந்தக் கலியாண வீட்டுக்குத் திரும்புவோம். வெள்ளத்திலே தம்பியைத் தூக்கியவர் அண்ணையா, சின்னமாமாவா? சின்னமாமா காலமாகிப் பல ஆண்டுகள். தம்பியோ அன்று கைக்குழந்தை. இனித் தீர்ப்பளிக்க எவருமில்லை. ஒருவேளை மாமா பாதி வழியும் அண்ணை பாதி வழியும் தூக்கியிருக்கலாம். ஒருவேளை, எத்தனையோ முறை அக்கதையைக் கேட்டுக்கேட்டு, தூக்க விரும்பிய அண்ணை தூக்கியவராகவே ஆகியிருக்கலாம். அதனால் அவர் பொய்யராவாரா?

"அண்ணை, எனக்கு அப்படித்தான் ஞாபகம், உங்களுக்கு இப்படி ஞாபகம். தம்பி தப்பினது மெய்தானே" என்று தங்கை சொல்லியிருந்தால், இருவரும் ஒரே வாங்கிலிருந்து இன்னுமொரு வாய் வெற்றிலை போட்டிருப்பர்.